"கல்யாணம் ஆனா சரியாயிடும்": குழல் வடிவ மார்பகத்துக்கு மருத்துவம் பேர் வைத்த கதை

1.
இன்னிக்கு கொஞ்சம் நீளமான இழை. பெண்கள் கண்டிப்பா படிங்க. பொண்ணு வச்சிருக்கிற அப்பா அம்மாவும், கல்யாணம் ஆகப்போற தம்பிகளும் படிச்சா இன்னும் நல்லது.

மனுஷ உடம்புல பிறவியிலேயே வரக்கூடிய ஒரு மாற்றம். உயிருக்கு ஆபத்து இல்லை. வலி இல்லை. ஆனா பதினாலு, பதினஞ்சு வயசுல கண்ணாடி முன்னாடி நிக்கிற ஒரு பொண்ணோட நிம்மதியை அது கெடுத்துடும். இவ்வளவு காலம் மனுஷ குலத்தோட கூடவே இருந்த இந்த மாற்றத்துக்கு, மருத்துவ இலக்கியத்துல ஒரு பேர் கிடைச்சதே 1976ல தான். அதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணுங்க எல்லாம் என்ன நினைச்சிருப்பாங்க? "எனக்கு மட்டும்தான் இப்படி"ன்னு. இன்னிக்கும் பல பேர் அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருக்காங்க. இந்த இழை அவங்களுக்காக.

2.
முதல்ல விஷயம் என்னன்னு சொல்லிடறேன்.

பூப்பெய்தும் வயசுல மார்பகம் எல்லாப் பக்கமும் பரவி வளரணும். முக்கியமா அடிப்பக்கம் விரியணும். சில பேருக்கு, காம்பைச் சுத்தி இருக்கிற கருவட்டத்துக்குப் பின்னாடி ஒரு இறுக்கமான நார் வளையம் இருக்கும். சுருக்குப் பையோட கழுத்துல கயிறு இழுத்துக் கட்டின மாதிரி. உள்ளே வளர்ற திசுவுக்குக் கீழேயும் பக்கவாட்டிலயும் பரவ வழி கிடைக்காது. கருவட்டத்துக்கு நேர் பின்னாடி மட்டும் அந்தத் தடுப்புச் சவ்வு பலவீனமா இருக்கறதால, திசு அந்த வழியா முன்னாடி பிதுங்கும்.

இதனால அடிப்பாகம் குறுகி, மார்பகம் குழல் மாதிரி நீளும். கருவட்டம் பெருசாகி உப்பலா தெரியும். ரெண்டு மார்பகத்துக்கும் நடுவுல இடைவெளி கூடுதலா இருக்கும். பெரும்பாலும் ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது. இது புற்றுநோய் இல்லை. யாரும் செஞ்ச தப்பும் இல்லை. உள்ளாடை போட்டதாலயோ போடாததாலயோ, குப்புறப் படுத்ததாலயோ வர்றது இல்லை.

3.
சரி, இவ்வளவு காலமா ஏன் யாரும் இதைப் பேசலை? எங்க ஊர்ப் பக்கத்துல இருந்தே பார்ப்போம்.

ஸ்ரீவைகுண்டத்துல இருந்து திருநெல்வேலி போற வழிப்பக்கம் கிருஷ்ணாபுரம் இருக்கு. அங்க வெங்கடாசலபதி கோயில்ல நாயக்கர் காலச் சிற்பங்களைப் பார்த்தவங்களுக்குத் தெரியும். நகக்கண் வரைக்கும் செதுக்கியிருப்பாங்க. ஆனா பெண் சிற்பம் எல்லாத்துக்கும் மார்பகம் ஒரே அச்சு தான். முழு உருண்டை, ரெண்டும் சமம். சிற்பி செதுக்கினது இலக்கணத்தை. அவர் தெருவுல பார்த்த பெண்களை இல்லை. பார்க்கிற நமக்கு அது தான் 'நார்மல்'னு மனசுல பதிஞ்சு போச்சு. இன்னிக்கு அந்த வேலையை செல்போன் திரை செய்யுது.

ஆனா நம்ம கதை மரபுல ஒரு விதிவிலக்கு இருக்கு. மதுரை மீனாட்சி. பாண்டியன் வேள்வியில தோன்றின தடாதகைக்கு மூணு தனம்னு திருவிளையாடல் கதை சொல்லுது. அப்பனும் ஆத்தாளும் கலங்குறாங்க. 'கவலைப்படாதே, இவளுக்கு உரியவனைக் கண்டதும் ஒண்ணு மறைஞ்சிடும், அரசியா வளர்த்து முடிசூட்டு'ன்னு அசரீரி. ஒரு பொண்ணோட மார்பகம் வேற மாதிரி இருக்குன்னு வெளிப்படையாச் சொல்லி, அதனால அவ ஒண்ணும் குறைஞ்சவ இல்லைன்னும் சொன்ன கதை அது.

நம்ம ஊர் அந்தக் கதையில இருந்து எடுத்துக்கிட்டது என்னவோ ஒண்ணு தான்: "கல்யாணம் ஆனா சரியாயிடும்". மீனாட்சிக்கு ஆச்சு. குழல் வடிவ மார்பகத்துக்கு ஆகாதுங்க. வளர்ச்சி முடிஞ்ச அந்த நார் வளையம் தாலி கட்டினதும் அவிழ்ந்துடாது.

4.
ஸ்ரீவைகுண்டத்துக்குள்ளேயே வாங்க. கோட்டைப் பிள்ளைமார் பத்திக் கேள்விப்பட்டிருப்பீங்க. மண் கோட்டைச் சுவருக்குள்ள வாழ்ந்த ஒரு சின்னச் சமூகம். அந்தப் பெண்கள் கோட்டையை விட்டு வெளியே வர மாட்டாங்க. வெளி ஆண்கள் உள்ளே போக முடியாது. இன்னிக்கு அந்த வாழ்க்கை முறை இல்லை. ஆனா 20ஆம் நூற்றாண்டுலயும் அது நடைமுறையில இருந்தது. மானுடவியலாளர் கமலா கணேஷ் இதை ஆராய்ந்து 1993ல ஒரு நூலே எழுதியிருக்காங்க.

இது அந்த ஒரு சமூகத்தைக் குறை சொல்றதுக்காக இல்லை. சுவர் கண்ணுக்குத் தெரிஞ்சது அங்க மட்டும் தான். மத்த வீடுகள்ல சுவர் இல்லாமலேயே இதே கதை. ஆண் டாக்டர் முன்னாடி நெஞ்சைக் காட்டறதுன்னா உயிர் போகும் நிலை வரணும். மதராஸ்ல மேரி ஷார்லிப் முயற்சியால 1885ல பெண்களுக்குன்னு தனி மருத்துவமனை திறந்தாங்க. அதோட பேரே 'விக்டோரியா சாதி மற்றும் கோஷா பெண்கள் மருத்துவமனை'. இன்னிக்குத் திருவல்லிக்கேணியில கஸ்தூர்பா காந்தி மருத்துவமனைன்னு நிக்குது. திரைக்குப் பின்னால இருக்கிற பெண்கள் வரணும்னா டாக்டரும் பெண்ணா இருக்கணும்னு புரிஞ்சுக்கிட்ட காலம் அது. பிரசவத்துக்கே இந்த நிலைமைன்னா, 'வடிவம் சரியில்லை'ன்னு யார் வந்து சொல்லியிருப்பாங்க?

மருத்துவர் பார்க்காததுக்கு மருத்துவத்துல பேர் கிடையாது. பேர் இல்லாததுக்கு வைத்தியமும் கிடையாது.

5.
இன்னொரு பக்கம், மார்பகம் எப்பவும் 'அவங்கவங்க சொந்த விஷயம்'னு விட்டுவைக்கப்பட்டதும் இல்லை. நமக்குத் தெற்கே, அன்றைய திருவிதாங்கூர்ல, எந்தச் சாதிப் பெண் மேலாடை போடலாம், எவ போடக்கூடாதுன்னு அரசும் மேல்சாதியும் முடிவு பண்ணிச்சு. நாடார் பெண்கள் தோள்சீலைக்காகப் பல வருஷம் அடிபட்டுப் போராடி, 1859 ஜூலை 26ல தான் மன்னரோட பிரகடனம் வந்தது. அப்பவும் 'மேல்சாதிப் பெண்கள் உடுத்தற மாதிரியே உடுத்தக்கூடாது'ன்னு ஒரு கொக்கி வச்சாங்க.

மூடச் சொல்றதும் ஊர் தான், திறக்கச் சொல்றதும் ஊர் தான். இந்த இழை முடியும்போது இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

6.
இப்போ ஒரு சின்னக் கேள்வி. 'அழகுக்காக ஆபரேஷனா? நம்ம பாட்டிமார் எல்லாம் இப்படியா இருந்தாங்க?'ன்னு கேக்கறவங்களுக்கு.

ஆமாங்க, உங்க பாட்டி இருந்தாங்க. நெல்லை, தூத்துக்குடிச் சீமையில பாம்படம் போட்ட ஆச்சிகளை மறந்துட்டீங்களா? கைக்குழந்தையிலேயே காது குத்தி, துளையைப் பெருசாக்கி, குணுக்கு மாட்டித் தொங்கவிட்டு, தோள் வரைக்கும் காது வளர்ப்பாங்க. அது அன்னிக்கு அழகு, அந்தஸ்து. அப்புறம் பள்ளிக்கூடம், பட்டணத்து வேலை, கம்மல் ஃபேஷன்னு காலம் மாறிச்சு. வளர்த்த காது பட்டிக்காட்டு அடையாளம் ஆயிடுச்சு. எத்தனையோ பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போய், தொங்கற காதை அறுத்துத் தைச்சு, புதுசாக் குத்திக் கம்மல் போட்டுக்கிட்டாங்க.

அது என்ன? பிளாஸ்டிக் சர்ஜரி தான். சுஸ்ருத சம்ஹிதையில காது மடலை ஒட்டறதுக்கு மட்டும் 15 முறைகள் சொல்லப்பட்டிருக்கு. காதைத் தைச்சுக்கிட்ட ஆச்சியை யாரும் 'அழகுப் பைத்தியம்'னு சொல்லலை. காது ஊருக்குத் தெரியும், அதனால அது நியாயமாப் பட்டுச்சு. மார்பகம் தெரியாது, அதனால 'யாருக்குத் தெரியப்போகுது, விடு'ன்னு சொல்றோம். தெரிய வேண்டிய ஒருத்தருக்கு, அதாவது அந்தப் பொண்ணுக்கு, தினமும் தெரியுது.

7.
இனி மருத்துவ வரலாறு.

1895ல ஜெர்மனியில வின்சென்ஸ் செர்னி, கட்டி எடுத்த ஒரு பாடகியோட மார்பகத்துல ஏற்பட்ட பள்ளத்தை, அவங்க உடம்புலயே வேற இடத்துல இருந்த கொழுப்புக் கட்டியை எடுத்து நிரப்பினார். 1899ல வியன்னாவுல கெர்சுனி பாரஃபின் ஊசியை ஆரம்பிச்சு வச்சார். அது பிறகு மார்பகத்துக்கும் போச்சு. விளைவு பயங்கரம். கல் மாதிரிக் கட்டிகள், ஆறாத புண், அழுகல். அடுத்து திரவ சிலிக்கோன் ஊசி வந்தது. அதே கதை.

1962ல அமெரிக்காவின் ஹூஸ்டன்ல க்ரோனின், ஜெரோ என்ற ரெண்டு சர்ஜன்கள், சிலிக்கோன் ஜெல்லை உறைக்குள்ள அடைச்ச முதல் இம்பிளான்ட்டை டிம்மி ஜீன் லிண்ட்ஸி என்ற பெண்ணுக்கு வச்சாங்க. ஆறு பிள்ளை பெத்த ஏழைத் தாய். பச்சை குத்தினதை அழிக்கணும்னு இலவச ஆஸ்பத்திரிக்கு வந்தவங்க. அவங்களுக்குத் தன் மார்பகத்தைப் பத்திக் கவலையே இல்லை. அவங்க ஆசைப்பட்டது துருத்திக்கிட்டு இருந்த காதைச் சரி பண்றதுக்கு! டாக்டர்கள் காதையும் சரி பண்ணித் தர்றோம்னு சொல்லித் தான் சம்மதம் வாங்கினாங்க. நம்ம ஆச்சிகளுக்கும் அந்த அம்மாவுக்கும் ஒரே ஆசை பாருங்க.

ஒரு பெண்ணுக்கு என்ன வேணும்னு அவங்களே சொல்லணும், டாக்டர் முடிவு பண்ணக்கூடாதுங்கறதுக்கு இதை விட நல்ல பாடம் இல்லை.

8.
இப்போ 1976. அமெரிக்க சர்ஜன்கள் தாமஸ் ரீஸ், ஷெரல் ஆஸ்டன் ரெண்டு பேரும் ஒரு கட்டுரை எழுதறாங்க. அதுல தான் 'ட்யூபரஸ் ப்ரெஸ்ட்'ங்கற பேர் வருது. ட்யூபர்னா கிழங்கு. ஆமா, நம்ம பனங்கிழங்கு, சேப்பங்கிழங்கு எல்லாம் சேர்ந்த அந்தக் 'கிழங்கு' தான்! பின்னாடி வந்தவங்க 'ட்யூபுலர்', அதாவது குழல் வடிவம்னாங்க. இன்னும் சிலர் ஸ்னூபிங்கற கார்ட்டூன் நாயோட மூக்கை வச்சும் பேர் சொன்னாங்க. ஒரு பொண்ணோட உடம்புக்கு நாய் மூக்குன்னு பேர் வைக்கறது என்ன நாகரிகம்னு அந்தக் காலத்துல யாரும் யோசிக்கலை போல. 'குறுகிய அடி மார்பகம்'னு சொன்னா விஷயமும் புரியும், மனசும் நோகாது.

ஆனா ரீஸ் யாருன்னு தெரிஞ்சுக்கணும். இரண்டாம் உலகப் போர்ல தீயில கருகின விமானிகளுக்கு முகம் கொடுத்த ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோகிட்ட இங்கிலாந்துல பயிற்சி எடுத்தவர். 1957ல மெக்கிண்டோ, மைக்கேல் வுட் இவங்களோட சேர்ந்து, கிழக்கு ஆப்பிரிக்காவுல பறக்கும் மருத்துவர் சேவையைத் தொடங்கினவர். அது தான் இன்னிக்கு ஆம்ரெஃப்னு பெரிய அமைப்பா இருக்கு. ஒரு பக்கம் நியூயார்க் பணக்காரர்களுக்கு அழகு சிகிச்சை, இன்னொரு பக்கம் ஆப்பிரிக்கக் கிராமங்கள்ல காயம்பட்ட முகங்களுக்குச் சிகிச்சை. ரெண்டும் ஒரே கை.

'சீரமைப்பு அறுவை உயர்ந்தது, அழகு அறுவை மட்டமானது'ன்னு கோடு போடறவங்க அந்தக் கையில எந்த இடத்துல கோடு போடுவாங்க?

9.
பேர் வந்ததும் புரிதல் வேகமா வளர்ந்தது. 1996ல ஜெர்மனியின் ஃபான் ஹைம்பர்க் நாலு வகையாப் பிரிச்சார். 1999ல பிரான்ஸின் க்ரோலோ அதை மூணா எளிமையாக்கினார். முதல் வகையில அடிப்பாகத்துல உட்பக்கம் மட்டும் வளர்ச்சி குறைவு. இரண்டாவதுல அடிப்பாகம் முழுக்க. மூணாவதுல நாலு பக்கமும். 2003ல கிரேக்க சர்ஜன் மாண்ட்ரேகாஸ் அந்த நார் வளையத்தை அழுத்தமா எடுத்துச் சொன்னார்: வளையத்தை வெட்டி விடாம எதைச் செஞ்சாலும் பிரயோஜனம் இல்லை.

இது ஏன் முக்கியம்? இதைப் புரியாம வெறுமனே இம்பிளான்ட் மட்டும் வச்சா, பழைய மடிப்பு ஒண்ணு, புது மடிப்பு ஒண்ணுன்னு ரெண்டு அடுக்காத் தெரியும். 'டபுள் பபிள்'னு சொல்வோம்.

சரியான முறை சுருக்கமா:
கருவட்ட ஓரத்துல கீறி உள்ளே போறது. வளையத்தை வெட்டித் திசுவை விசிறி மாதிரி விரிக்கிறது. மடிப்பைச் சரியான உயரத்துக்கு இறக்கறது. அளவு போதலைன்னா இம்பிளான்ட், இல்லைன்னா வயிறு தொடையில இருந்து எடுத்த சொந்தக் கொழுப்பு. கடைசியா கருவட்டத்தைச் சின்னதாக்கறது. லேசான வகைன்னா ஒரே தடவையில முடியலாம். கடுமையான வகைக்கு ரெண்டு கட்டம் தேவைப்படலாம். கொழுப்பு ஊசி பெரும்பாலும் ஒரு தடவையில முடியாது, ஏன்னா வச்ச கொழுப்புல ஒரு பங்கை உடம்பு கரைச்சுடும்.

10.
கொழுப்பு முறைக்கும் ஒரு வரலாறு இருக்கு. 1987ல அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன்கள் சங்கம் 'மார்பகத்துல கொழுப்பு செலுத்தாதீங்க'ன்னு சொல்லிடுச்சு. அதனால உண்டாகற சுண்ணாம்புப் படிவம் மேமோகிராமைக் குழப்பி, புற்றுநோயை மறைச்சிடும்னு பயம். ஸ்கேன் படிக்கிற திறன் வளர்ந்த பிறகு, 2009ல அதே சங்கம் ஆய்வுகளை அலசி அந்தத் தடையைத் தளர்த்திச்சு.

இம்பிளான்ட்டுக்கும் மேடு பள்ளம் உண்டு. 1992ல அமெரிக்காவுல சிலிக்கோன் ஜெல்லுக்குக் கட்டுப்பாடு, 2006ல திரும்ப அனுமதி. 2010ல பிரான்ஸ்ல பிப் கம்பெனி தொழிற்சாலை சிலிக்கோனை அடைச்சு வித்தது அம்பலம். 2019ல ஒரு அரிய வகை லிம்ஃபோமா காரணமா சில சொரசொரப்பு வகை இம்பிளான்ட்டுகள் உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டன. இம்பிளான்ட் வாழ்நாள் உத்தரவாதம் இல்லை. 20 வயசுல வச்சா பின்னாடி மாத்த வேண்டி வரலாம்னு தெரிஞ்சு தான் வைக்கணும்.

11.
இப்போ நான் ரொம்ப முக்கியமா நினைக்கிற விஷயம். தாய்ப்பால்.

1985லயே அமெரிக்காவுல நீஃபர்ட் குழுவினர், பால் சுரப்பித் திசுவே போதுமான அளவு வளராததால சில தாய்களுக்குப் பால் குறையறதைப் பதிவு பண்ணினாங்க. 2000ல ஹக்கின்ஸ் குழுவினர் இப்படிப்பட்ட 34 தாய்மார்களைப் பின்தொடர்ந்து பார்த்தாங்க. குறுகிய அடி, அகன்ற இடைவெளி இருந்த தாய்மார்கள்ல பலருக்கு முழு அளவு பால் வரலை. சிலருக்கு வந்தது.

நம்ம ஊர்ல என்ன நடக்குது? பிள்ளை அழுது, எடை ஏறலை. மாமியார் 'பூண்டு தின்னு, சுறாப்புட்டு தின்னு'ங்கறாங்க. தின்னுறா. அப்பவும் வரலை. 'இவளுக்குப் பால் கொடுக்க மனசில்லை'ங்கறாங்க. மனசுல ஒண்ணுமில்லைங்க, திசு இல்லை. அவளோட தப்பு இதுல ஒரு துளி கூட இல்லை.

மார்பகம் இப்படி இருக்குன்னா கர்ப்பமா இருக்கும்போதே டாக்டர்கிட்ட சொல்லி வைங்க. அடிக்கடி பால் கொடுத்துப் பாருங்க, பிள்ளையோட எடையை ஒழுங்காக் கவனிங்க. குறைஞ்சா டாக்டர் சொல்ற கூடுதல் உணவைக் கொடுங்க. வர்ற பாலைக் கொடுங்க, மீதிக்கு வெக்கப்படாதீங்க. கருவட்டத்தைச் சுத்திச் செய்யற அறுவையாலயும் பால் வரத்தும் உணர்ச்சியும் கொஞ்சம் குறையலாம். குழந்தை பெத்துக்கற எண்ணம் இருக்கறவங்க இதை முன்கூட்டியே சர்ஜன்கிட்ட பேசணும்.

12.
'இதெல்லாம் காசு உள்ளவங்களுக்கு'ன்னு நினைக்கறீங்களா?

2018 பிப்ரவரியில சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில, மார்பகச் சீரமைப்பு, அளவு குறைத்தல், இம்பிளான்ட் எல்லாம் இலவசமாச் செய்ய ஒரு கிளினிக்கை அன்றைய சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கர் தொடங்கி வச்சார். தேசம் முழுக்கச் செய்தி. உலகப் பத்திரிகைகள்லயும் வந்தது. பாதிப் பேர் கிண்டல் பண்ணினாங்க. உயிர் காக்கற சிகிச்சைக்கே காசு பத்தாத நாட்டுல இது தேவையான்னு டாக்டர்கள்லயே சில பேர் கேட்டாங்க.

அந்தக் கேள்வி நியாயமானது தான். பட்ஜெட் கடல் இல்லை. ஆனா அரசு சொன்ன பதில்லயும் நியாயம் இருந்தது: ஏழைக்கு மட்டும் இது ஏன் கிடைக்கக் கூடாது? கிடைக்கலைன்னா கடன் வாங்கி, ஆபத்தான இடத்துக்குப் போவாங்க. ஒரு பக்கம் கனம் தாங்காம முதுகு வலிக்கறவங்க, ரெண்டு பக்கமும் அளவு வித்தியாசம் உள்ளவங்க, புற்றுநோய்க்கு மார்பகம் எடுத்தவங்க எல்லாரும் அந்த வரிசையில தான் நிக்கறாங்க. குழல் வடிவம் ஒரு பிறவி வளர்ச்சிக் குறை. பிளவுபட்ட உதட்டைத் தைக்கறதை யாரும் அழகுப் பைத்தியம்னு சொல்றதில்லையே.

13.
நடைமுறைக்கு வருவோம்.

ஒண்ணு: கிரீம், எண்ணெய், மாத்திரை, பம்பு, எதுவும் அந்த நார் வளையத்தை அவிழ்க்காது. 1954ல வந்த மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டத்தோட பட்டியல்ல, பெண்ணோட மார்பக வடிவத்தை மாத்தறேன்னு மருந்து விளம்பரம் செய்யறதும் இருக்கு. 70 வருஷமா சட்ட விரோதம். ஆனா இன்னிக்கும் உங்க போன்ல வருது.

ரெண்டு: வளர்ச்சி முடியட்டும். பொதுவா 18 வயசுக்கு மேல தான் அறுவை. அதுவரைக்கும் பொருத்தமான உள்ளாடை, அளவு சமன் பண்ற பேட் போதும்.

மூணு: அழகு நிலையத்துக்குப் போகாதீங்க. பிளாஸ்டிக் சர்ஜரியில எம்.சி.ஹெச். அல்லது டி.என்.பி. முடிச்சவர்கிட்ட போங்க. 'இந்த வகை எத்தனை செஞ்சிருக்கீங்க, எத்தனை கட்டம், தழும்பு எங்க வரும், மறுபடி ஆபரேஷன் தேவைப்படுமா?'ன்னு கேளுங்க. கோபப்பட்டார்னா வேற டாக்டரைப் பாருங்க. தழும்பு தடிக்கற உடம்புன்னா முதல்லயே சொல்லுங்க. தனியாருக்குக் கடன் வாங்கறதுக்கு முன்னாடி, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவுல ஒரு தடவை கேட்டுப் பாருங்க. பெண் டாக்டர் வேணும்னா கேட்கலாம். ஆண் டாக்டர் பார்த்தாலும் கூட ஒரு பெண் நர்ஸ் இருக்கணும், அது உங்க உரிமை.

நாலு: ஒண்ணும் செய்யாம இருக்கறதும் ஒரு முழுமையான முடிவு. உங்களுக்கு அது தொந்தரவு இல்லைன்னா அது நோயே இல்லை. வடிவம் பழசு, ஆனா புதுசா கட்டி, காம்புல ரத்தம், தோல் உள்ளிழுத்தல் வந்தா மட்டும் உடனே காட்டுங்க.

14.
கடைசியா, கல்யாணம் ஆகப்போற தம்பிகளுக்கு. நீங்க திரையில பார்த்தது கிருஷ்ணாபுரம் சிற்பம் மாதிரி ஒரு அச்சு. உங்க வீட்டுக்கு வர்றது ஒரு மனுஷி. முதல் நாள் நீங்க சொல்ற ஒரு வார்த்தையை அவங்க 40 வருஷம் சுமப்பாங்க. பார்த்துப் பேசுங்க.

தங்கச்சிமார்களுக்கு: மூடணுமா, திறக்கணுமா, மாத்தணுமா, அப்படியே விடணுமான்னு இதுவரைக்கும் ஊர் முடிவு பண்ணிச்சு, மன்னர் முடிவு பண்ணினார், டாக்டரும் முடிவு பண்ணினார். இந்த ஒண்ணையாவது நீங்க முடிவு பண்ணுங்க. சந்தேகம் இருந்தா கேளுங்க, பேர் இல்லாமலும் கேட்கலாம். பதில் சொல்றேன்.